கேட்டவர் வீடு திரும்பினார்

வெள்ளிக்கிழமை நண்பகலில் கழக்கூட்டத்துப் பள்ளிவாசல் வாசலில் செருப்பு விட இடம் கிடைப்பது கஷ்டம். மீன் வியாபாரியும் பலசரக்குக் கடைக்காரரும் உட்கார்ந்த வரிசையில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் டெக்னோபார்க் இளைஞர்களும் வந்து உட்காருகிறார்கள். 1990இல் அந்தப் பூங்கா தொடங்கிய பிறகு வந்த மாற்றம் இது. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வேலைக்கு வந்த தமிழர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. மலையாளப் பேச்சு முழுசாகப் பிடிபடாவிட்டாலும் கதை பிடிபட்டுவிடும். மேலப்பாளையத்திலும் காயல்பட்டினத்திலும் சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான் அது.

யேமன் நாட்டிலிருந்து துணி வருகிறது. மதீனாவில் ஆளுக்கு ஒரு துண்டு என்று பங்கு போடுகிறார்கள். கலீஃபா உமருக்கும் ஒரு துண்டுதான். ஆனால் அடுத்து அவர் மேடை ஏறும்போது அதே துணியில் முழு அங்கி அணிந்திருக்கிறார். உமர் நல்ல உயரம். ஒரு துண்டில் அவருக்கு அங்கி வராது. "கேளுங்கள், கட்டுப்படுங்கள்" என்று அவர் ஆரம்பிக்க, கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, கேட்கவும் மாட்டோம், கட்டுப்படவும் மாட்டோம் என்கிறார். எங்களுக்கெல்லாம் ஒரு துண்டு, உங்களுக்கு மட்டும் எப்படி இரண்டு? எழுந்தவர் பாரசீகத்திலிருந்து வந்த சல்மான் என்று சிலர் சொல்வார்கள். உமர் கோபப்படவில்லை. மகன் அப்துல்லாவை அழைத்துப் பதில் சொல்லச் சொல்கிறார். தன் பங்குத் துண்டை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டதாக மகன் சொல்கிறார். இனி சொல்லுங்கள், கேட்கிறோம் என்று எழுந்தவர் உட்காருகிறார்.

உமரின் நேர்மையைச் சொல்லத்தான் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். அது சரிதான். உமர் ஆண்ட 634 முதல் 644 வரையான பத்து வருஷத்தில் ஈராக், சிரியா, எகிப்து எல்லாம் மதீனாவின் கீழ் வந்துவிட்டன. அப்பேர்ப்பட்டவர் ஒரு முழத் துணிக்குக் கணக்குச் சொன்னார் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் கதையில் இன்னொரு மனிதர் இருக்கிறார். கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்தவர். அன்று மாலை அவர் தன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். அவரை யாரும் தேடி வரவில்லை. அவருக்கு வர வேண்டிய அடுத்த பங்குத் துணி நிற்கவில்லை. கதை சொல்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. கதை முடிந்த கையோடு யாராவது எழுந்து ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கைக் கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். பள்ளிவாசல் என்றில்லை. கோயில் அறங்காவலர் குழுவிலும் கட்சிப் பொதுக்குழுவிலும் இதே கதைதான்.

மதீனாவில் அந்த மனிதருக்கு அந்தத் தைரியம் திடீரென்று வரவில்லை. அதற்கு முன்பே ஒரு பழக்கம் போட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. 632இல் நபிகள் நாயகம் மறைந்ததும் அபூபக்கர் முதல் கலீஃபா ஆனார். பொறுப்பேற்றுப் பேசிய முதல் பேச்சிலேயே, தான் உங்களில் சிறந்தவன் இல்லை, சரியாக நடந்தால் உதவுங்கள், தவறினால் திருத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். பதவிக்கு வந்த புதிதில் அவர் வழக்கம்போல் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டார். துணி வியாபாரம்தான் அவர் பிழைப்பு. எதிரே வந்த உமரும் அபூ உபைதாவும் தடுத்தார்கள். நாட்டை யார் பார்ப்பது என்று கேட்டார்கள். என் பிள்ளைகளுக்கு யார் சாப்பாடு போடுவது என்று அவர் திருப்பிக் கேட்டார். அதன் பிறகுதான் பொது நிதியிலிருந்து அவருக்கு ஒரு சிறு படி ஒதுக்கினார்கள். இரண்டு வருஷம் கழித்துச் சாகும் தறுவாயில் மகள் ஆயிஷாவிடம், பதவிக்கு வந்த பிறகு தன்னிடம் கூடுதலாக என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்த்து அடுத்த கலீஃபாவிடம் ஒப்படைக்கச் சொன்னார். தேடிப் பார்த்ததில் ஒரு வேலையாள், தண்ணீர் சுமக்கும் ஒரு ஒட்டகம், ஒரு போர்வை. அவை வந்து சேர்ந்தபோது உமர் அழுதார்; தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இப்படிச் சிரமம் வைத்துவிட்டுப் போய்விட்டாரே என்றார்.

அந்தச் சிரமம் இந்தியா வரைக்கும் வந்தது. 1937 ஜூலையில் மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரிசபைகள் அமைந்து, சென்னையில் ராஜாஜி பிரதமராக உட்கார்ந்த நேரம். அரசாங்க ஊழியர் யாருக்கும் மாதம் 500 ரூபாய்க்கு மேல் சம்பளம் கூடாது என்று 1931இல் கராச்சியில் போட்ட தீர்மானம் மந்திரிகளை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ‘ஹரிஜன்’ இதழில் அவர்களுக்குப் புத்திமதி சொன்ன காந்தி, எளிமைக்கு உதாரணமாக எடுத்த பெயர்கள் அபூபக்கரும் உமரும்.

இவ்வளவும் மேடைகளில் வரும். வராத ஒருவர் இருக்கிறார். கேள்வி கேட்டு, வீடு திரும்பாதவர்.

அபூதர் கிஃபாரி இஸ்லாத்தில் சேர்ந்த முதல் சிலரில் ஒருவர். நான்காமவர் என்றும் ஐந்தாமவர் என்றும் சொல்வார்கள். கிஃபார் என்ற அவரது குலத்துக்கு வணிகக் கூட்டங்களை வழிமறிக்கும் குலம் என்று பெயர். மக்காவுக்கு வந்து நபிகளைச் சந்தித்து நம்பிக்கை கொண்டவரிடம், இப்போதைக்கு ஊருக்குப் போய்ச் சும்மா இரு என்று சொல்லப்பட்டது. அவர் நேராகக் கஃபாவுக்குப் போய் உரக்கக் கலிமாவைச் சொன்னார். குறைஷிகள் அடித்துப் போட்டார்கள். நபிகளின் சிற்றப்பா அப்பாஸ் வந்து குறுக்கே விழுந்தார். சிரியாவுக்குப் போகும் உங்கள் வணிகப் பாதை இவனுடைய குலத்தார் வழியாகத்தானே போகிறது என்று அவர் ஞாபகப்படுத்திய பிறகுதான் அடி நின்றது. தர்மத்தைச் சொல்லியிருந்தால் நின்றிருக்காது. வியாபாரத்தைச் சொன்னதால் நின்றது. மறுநாள் அபூதர் மறுபடியும் போய் அதையே சொன்னார். மறுபடியும் அடி. மறுபடியும் அப்பாஸ்.

இப்படிப்பட்ட நாக்கு நியாயத்துக்காக மட்டும் நீளும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை ஒரு சச்சரவில் எதிராளியின் தாயைச் சொல்லி அபூதர் இழிவாகப் பேசிவிட்டார். எதிராளி பிலால் என்கின்றன சில அறிவிப்புகள். அபிசீனிய அடிமைப் பெண்ணின் மகன், மக்காவின் சுடுமணலில் மார்பில் பாறையை வைத்தபோதும் இறைவன் ஒருவனே என்று சொன்னவர், தொழுகைக்கு அழைக்கும் முதல் குரல். அவரைக் கறுப்பியின் மகனே என்று அழைத்துவிட்டார் அபூதர். செய்தி நபிகளின் காதுக்குப் போனது. அறியாமைக் காலத்து மிச்சம் இன்னும் உன்னிடம் இருக்கிறது என்று அபூதரிடமே நேராகச் சொன்னார்கள். உங்கள் கீழ் வேலை செய்கிறவர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதை அவர்களுக்கும் கொடுங்கள், உடுத்துவதை அவர்களுக்கும் உடுத்துங்கள் என்றார்கள். அபூதர் அதை மறக்கவில்லை. அது பின்னால் தெரிகிறது.

இன்னொரு தடவை அவர் தனக்கும் ஒரு பதவி கேட்டார். நீ பலவீனமானவன், பதவி என்பது அமானிதம் என்று நபிகள் மறுத்துவிட்டார்கள். கொஞ்சம் யோசித்தால் இது பெரிய பாராட்டு. நிர்வாகம் பண்ணத் தெரியாதவருக்கும் நிர்வாகத்தைக் கேள்வி கேட்க உரிமை உண்டு என்பது அபூதரின் மிச்ச வாழ்க்கையில் தெளிவாகிறது.

மூன்றாவது கலீஃபா உஸ்மானின் காலம். ராஜ்யம் பெருத்துவிட்டது. டமாஸ்கஸில் ஆளுநர் முஆவியா மாளிகை கட்டுகிறார். அபூதர் சிரியாவில் இருக்கிறார். இது மக்கள் பணத்தில் கட்டியது என்றால் மோசடி, சொந்தப் பணத்தில் கட்டியது என்றால் ஊதாரித்தனம் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பொன்னையும் வெள்ளியையும் குவித்துவைத்து இறைவழியில் செலவிடாதவர்களை எச்சரிக்கும் வசனம் ஒன்று குர்ஆனில் உண்டு. அது நமக்கு முன்னால் வேதம் பெற்றவர்களைப் பற்றியது என்றார் முஆவியா. அவர்களையும் பற்றியது, நம்மையும் பற்றியது என்றார் அபூதர். எச்சரிக்கையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் என்று வாசிக்கிற பழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

முஆவியா கலீஃபாவுக்குப் புகார் எழுதினார். அபூதர் மதீனாவுக்கு அழைக்கப்பட்டார். அங்கே ஜனங்கள் அவரை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது போல மொய்த்துக்கொண்டார்கள். இது உஸ்மானுக்குச் சங்கடம். விருப்பமானால் கொஞ்சம் ஒதுங்கிப் பக்கத்தில் எங்காவது இருங்களேன் என்றார். புகாரி தொகுப்பில் அபூதரே சொல்வதாக வரும் விவரம் இது. நாடு கடத்தினார்கள் என்று எழுதியவர்களும் உண்டு. தானே விரும்பிப் போனார் என்பவர்களும் உண்டு. முஸ்லிம்களுக்குள் இந்தப் பிரச்சினையில் பழைய சண்டை இருக்கிறது. உஸ்மானும் இஸ்லாத்துக்காகத் தன் சொத்தை வாரி இறைத்தவர், மென்மையானவர். கெட்ட ராஜா, நல்ல புரட்சிக்காரர் என்று சுலபமாகப் பிரித்து வைக்க முடியாது என்பதால்தானோ என்னவோ, பேச்சாளர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. எப்படியானாலும் அபூதர் போய்ச் சேர்ந்த இடம் ரபதா. மதீனாவுக்குக் கிழக்கே பாலைவனத்தில் வழிப்போக்கர்கள் தங்கும் ஒரு சிற்றூர்.

அங்கே ஒரு வழிப்போக்கர் அவரைப் பார்த்தார். அபூதரும் அவருடைய வேலையாளும் ஒரே மாதிரி உடுத்தியிருந்தார்கள். ஏன் என்று கேட்டார். பல வருஷத்துக்கு முன்னால் தான் ஒருவரை அவர் தாயைச் சொல்லி ஏசியதையும், நபிகள் கண்டித்ததையும் அபூதர் சொன்னார். தான் பேசிய கெட்ட பேச்சைச் சொந்த வாயால் சொல்லாவிட்டால் அந்தக் கதையே நமக்குக் கிடைத்திருக்காது. ஆளுநரின் மாளிகையைக் கேள்வி கேட்டவர் தன் வீட்டு வாசலிலும் அதே கேள்விக்குப் பதில் வைத்திருந்தார்.

ஹிஜ்ரி 32இல், அதாவது 652 வாக்கில், ரபதாவிலேயே இறந்தார். சுற்றிப் போர்த்தத் துணிகூட வீட்டில் இல்லை என்று மனைவி அழுதார். அந்த வழியாக ஒரு கூட்டம் வரும், பாதையில் போய் நில் என்றார் அபூதர். வந்தது. வந்தவர்களிடம் அவர் ஒரு நிபந்தனை போட்டார்: ஆளுநராகவோ அரசாங்கத் தூதராகவோ வேலை பார்த்தவர் யாரும் எனக்குக் கஃபன் துணி தரக்கூடாது. அந்தக் கூட்டத்தில் ஏதாவது ஒரு உத்தியோகம் பார்க்காதவர் அநேகமாக இல்லை. மதீனாவைச் சேர்ந்த ஒரு இளைஞர் மட்டும் முன்வந்தார். அவரிடம் தாய் நெய்து கொடுத்த துணி இருந்தது.

உமரின் துண்டுத் துணிக் கதை தெரிந்த அளவுக்கு இந்தத் துணிக் கதை நம் ஊர்களில் தெரியாது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் பிலாலையும் உமர் இஸ்லாத்தில் சேர்ந்ததையும் தமிழுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்தக் காப்பியம் நபிகளின் மறைவுக்கு முன்பே நின்றுவிடுகிறது. மதீனாவில் பதவியும் பணமும் வந்த பிறகு நடந்ததெல்லாம் அதற்கு வெளியே.

கேட்கிறவனை எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடும் வேலையைத் திருவிதாங்கூரும் அறியும். கழக்கூட்டமே மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்த எட்டு வீட்டுப் பிள்ளைமாரில் ஒருவரின் ஊர். அவர்கள் வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார்கள் என்று இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அது அதிகாரத்துக்காக நடந்த சண்டை. கழக்கூட்டத்திலிருந்து வடக்கே கொல்லம் போகும் ரயிலில் சில ஸ்டேஷன்கள் தாண்டிக் கடக்காவூரில் இறங்கினால், வேறு மாதிரிச் சண்டை போட்ட ஒருவரின் ஊர் வரும். ஊர் வக்கம். அவர் அப்துல் காதிர் மௌலவி.

1873இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அரபி, பாரசீகம், உருது, சம்ஸ்கிருதம், ஆங்கிலம் எல்லாம் படித்தவர், தமிழும் தெரியும். எகிப்தில் ரஷீத் ரிளா நடத்திய ‘அல் மனார்’ இதழைத் தொடர்ந்து படித்தார். பிற்காலச் சடங்குகளைத் தள்ளிவிட்டு முதல் தலைமுறை முஸ்லிம்களின் வழிக்குத் திரும்ப வேண்டும் என்பது அந்த இதழின் கட்சி. அதையே மௌலவியும் பேசினார். பேச்சோடு நிற்காமல் 1905இல் கைப்பணத்தைப் போட்டு, இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வரவழைத்து, பக்கத்திலிருந்த அஞ்சுதெங்கில் ‘சுதேசாபிமானி’ பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த வருஷம் கே. ராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியராக வந்தார். நெய்யாற்றின்கரைக்காரர், நாயர், முப்பது வயதுகூட ஆகவில்லை. மௌலவி அவரிடம் பத்திரிகையை முழுசாக ஒப்படைத்தார். 1907இல் அச்சகம் திருவனந்தபுரத்துக்கே போனது. இருவருக்கும் இடையில் எழுத்தில் ஒரு ஒப்பந்தமும் கிடையாது.

பிள்ளை திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தைக் கிழித்து எழுதினார். ஊழல், சிபாரிசு, உத்தியோகஸ்தர்களின் தர்பார் எல்லாம் வந்தன. திவானின் சொந்த வாழ்க்கையையும் விட்டுவைக்கவில்லை. 1910 செப்டம்பர் 26ஆம் தேதி போலீஸ் வந்தது. பத்திரிகை தடை செய்யப்பட்டது, அச்சகம் பறிமுதல். பிள்ளையைக் கைது செய்து, தோவாளை வழியாக ஆரல்வாய்மொழி எல்லையைத் தாண்டித் திருநெல்வேலியில் கொண்டுவந்து விட்டார்கள். திருவிதாங்கூரின் ரபதா நம் பக்கத்தில்தான் இருந்தது.

அச்சகத்தின் சொந்தக்காரர் மௌலவி. பத்திரிகையில் ஒரு வரிகூட அவர் எழுதச் சொல்லி எழுதியதில்லை. மகாராஜாவிடம் போய் மன்னிப்புக் கேட்டால், ஆசிரியரைக் கைவிட்டுவிட்டால், இயந்திரம் திரும்பிவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். என் ஆசிரியர் இல்லாமல் எனக்கு அச்சகம் எதற்கு என்று அவர் மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். கடைசிவரைக்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. பண நஷ்டம் பெரியது. அதற்குப் பிறகும் ‘அல் இஸ்லாம்’, ‘தீபிகா’ என்று இதழ்கள் நடத்திப் பார்த்தார். முஸ்லிம் பெண்கள் படிக்க வேண்டும், வரதட்சணையும் வீண் செலவும் ஒழிய வேண்டும் என்று எழுதித் தன் சமுதாயத்து உலமாக்களின் கோபத்தையும் சம்பாதித்துக்கொண்டார். 1932இல் இறந்தார்.

இதோடு நிறுத்திக்கொண்டால் கேரளத்தில் வருஷாவருஷம் பேசும் நினைவுச் சொற்பொழிவு ஆகிவிடும். அதே 1910இல் அதே பத்திரிகையில் வந்த இன்னொரு தலையங்கம் இருக்கிறது. புலையர் முதலான தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்களில் மற்றப் பிள்ளைகளோடு சேர்க்க அரசாங்கம் உத்தரவிட்ட சமயம். வெங்கானூர் அய்யன்காளி வருஷக்கணக்கில் போராடிக் கிடைத்த உத்தரவு. ராமகிருஷ்ண பிள்ளை அதை எதிர்த்தார். குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போல என்று எழுதினார். ஒரு பக்கம் பரம்பரையாகப் படிப்பு, மறு பக்கம் பரம்பரையாக வயல் வேலை என்பது அவர் வாதம். அய்யன்காளியைப் பிரஜா சபைக்கு நியமித்தது, பிள்ளை கிழித்துத் தொங்கவிட்ட அந்தத் திவானின் அரசாங்கம்.

கறுப்பியின் மகனே என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்று கோபத்தில் வந்தது, இன்னொன்று நிதானமாக யோசித்து அச்சுக் கோத்தது. பிலாலுக்காக ஒருவர் குறுக்கிட்டார். அபூதர் சாகும்வரை அதற்குப் பிராயச்சித்தம் செய்தார். ‘சுதேசாபிமானி’யில் குறுக்கிட ஆள் இல்லை. குறுக்கிடக்கூடிய நிலையில் இருந்த ஒரே ஆள், குறுக்கிடுவதில்லை என்று சபதம் போல வைத்துக்கொண்டிருந்த மௌலவி. ஆசிரியரின் சுதந்திரத்துக்காக அவர் இழந்ததை மதிப்பவர்கள், அந்தச் சுதந்திரத்தில் வெளியான இந்தத் தலையங்கத்தையும் அவர் கணக்கிலேதான் எழுத வேண்டியிருக்கும். புலையப் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து பார்த்தால், 1910இல் அநியாயம் செய்தது திவான் மட்டுமில்லை.

பிள்ளை திருநெல்வேலியிலிருந்து சென்னை, பாலக்காடு என்று அலைந்து கடைசியில் கண்ணூர் போய்ச் சேர்ந்தார். 1912இல் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கையை மலையாளத்தில் எழுதினார். இந்திய மொழிகளில் வந்த முதல் மார்க்ஸ் சரித்திரங்களில் ஒன்று அது. காசநோய் முற்றி 1916 மார்ச் 28ஆம் தேதி இறந்தார். வயது 37. நாடு கடத்தும் உத்தரவு அதுவரை ரத்தாகவில்லை. உடல் கண்ணூர் பையாம்பலம் கடற்கரையில் இருக்கிறது. அச்சு இயந்திரம் மட்டும் ஒருநாள் வீடு திரும்பியது. 1957இல் அமைந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசாங்கம் அதை வக்கத்துக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தபோது, மௌலவி இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.